கருப்பட்டியின் உயரம்

ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்குத் தண்ணீரை வைத்துத்தான் எல்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது எங்கள் ஊரில் இருக்கிறது. 1870-களில் வெள்ளைக்காரர் ஆட்சியில் கட்டியது. அங்கிருந்து வடகால் ஒரு பக்கமும் தென்கால் ஒரு பக்கமும் பிரிகின்றன. தென்கால் போய்ச் சேரும் பெரிய குளம் கடம்பாகுளம். அதுவரை நெல்லும் வாழையும். அதைத் தாண்டித் தெற்கே போனால் மண் சிவக்கும், பனை பெருகும், வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும். அதற்கப்பால் தேரிக்காடு.

நான் ஆற்றங்கரைப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள். தேரியைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் நுழைந்து, சமவெளியின் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலுக்குச் சற்று முன்னால் போட்டுவிட்ட மேடு. மணலின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் சிவப்பு. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஓய்வு பெறும்வரை அந்த மேட்டில் நான் நடந்ததில்லை. பங்குனி உத்திரத்துக்கு வேனில் போய், அய்யனார் கோயிலில் பொங்கலிட்டு, அதே வேனில் திரும்புவதெல்லாம் நடையில் சேராது.

கருப்பட்டி மட்டும் வீடு தேடி வந்துகொண்டே இருந்தது. ஓலைப்பெட்டியைத் தலையில் சுமந்து வரும் பெண் கொல்லை வாசலோடு நின்றுவிடுவார். அம்மா ஒரு துண்டு உடைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார், விலையைக் குறைப்பார், வாங்குவார். அந்தப் பெண் எந்த ஊர், எத்தனை மணிக்குப் புறப்பட்டார், அதைக் காய்ச்சியது யார் என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆற்றுத் தண்ணீரில் விளைந்ததுதான் விளைச்சல். தேரியில் கிடைப்பது சும்மா கிடைப்பது என்ற நினைப்பு எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

அதை அசைத்தது திராட்சை மது. ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று இதுவரை யாரிடமும் சொல்லாத சங்கதி இது. மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். அவளும் அவள் கூட்டாளிகளும் விடுமுறை வந்தால் நாசிக் பக்கம் போவார்கள். காலையில் ஏதாவது ஒரு மலை, மாலையில் ஒரு திராட்சைத் தோட்டத்து மதுவாலை. ஒரு மழைக்காலத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். திரியம்பகேஸ்வரத்துக்குப் பக்கத்தில் அஞ்சனேரி மலை; அனுமன் பிறந்த இடம் என்று அங்கே சொல்கிறார்கள். ஏறுவது பெரிய பாடாக இல்லை. இறங்கும்போதுதான் முழங்கால் இரண்டும் தனித்தனியே பேசின.

மாலையில் போன இடத்தில் வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு. முதலில் சுழற்ற வேண்டும், பிறகு முகர வேண்டும், வாயில் வைத்து உருட்ட வேண்டும். வேண்டாமென்றால் துப்பிவிடலாம், அதற்கென்று ஒரு பாத்திரம் இருந்தது. நான் துப்பவில்லை. விளக்கம் சொன்ன பையன் கெட்டிக்காரன். தின்னும் திராட்சைக்குப் பேர்போன அந்த வட்டாரத்தில் சுலா நிறுவனத்தின் முதல் புட்டி 2000-இல்தான் வெளிவந்தது என்றான். நம் நாட்டு வெயிலில் கொடியை வருஷத்துக்கு இரண்டு தடவை வெட்டிவிட்டு ஒரே ஒரு தடவைதான் பழம் எடுப்பார்கள், தை, மாசி வாக்கில் என்றான். நாங்கள் போன காலத்தில் கொடியில் ஒரு காய்கூட இல்லை. பழம் பறித்தவர்களும் இல்லை. எஃகுத் தொட்டிகள் மட்டும் நின்றன. ஆனாலும் குடிக்க இருந்தது, மது காத்திருக்கும். எந்த மாதம் எந்த நேரம் போனாலும் கதவு திறந்திருக்கும், பணம் கட்டினால் குவளை வரும்.

“நம்ம ஊர்ல இப்படி எதுவும் இல்லியாம்மா?” என்று மகள் கேட்டாள். வாயில் திராட்சை மது. மனசில் கொல்லை வாசல். பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன். நடப்பதற்கு இடம் பார்ப்பது சுலபமாக இருந்தது. ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் பிறந்த காயாமொழி, அதை ஒட்டிய குதிரைமொழித் தேரி, நடுவே சிவப்பு மணலுக்குள் வற்றாத சுனையோடு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், தெற்கே கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூர் ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் வெகுதூரம் இல்லை. குடிப்பதற்கு இடம் பார்ப்பதில்தான் எனக்குப் பாடம் தொடங்கியது. முன்னாள் மாணவர் ஒருவர் தெரிந்த பனையேறி அண்ணாச்சியிடம் கேட்டுச் சொன்ன பதில்: “டீச்சர் எப்ப வேணா வரலாம். ஆனா பதனி அவங்களுக்காகக் காத்துக் கெடக்காது.”

பதனீர் பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான். அதிலும் விடியற்காலையில் இறக்கியது. வெயில் ஏறினால் அது கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்குப் போய்விடும், தாச்சியில் ஏறிவிடும். நாசிக்கில் எங்கள் வசதிக்கு மது காத்திருந்தது. இங்கே மரத்தின் நேரத்துக்கு நான் எழுந்திருக்க வேண்டும். நான்கு மணிக்குக் கண் விழித்து, இருட்டோடு தேரியில் கால் வைத்தேன்.

தேரியில் நடப்பது மலை ஏறுவதைவிட வேறு வகைத் தொல்லை. பனி இறங்கிய மணல் விடியலில் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அப்போது நடந்துவிட வேண்டும். சூரியன் வந்து மணல் உலர்ந்துவிட்டால் ஒரு எட்டு முன்னால் வைத்தால் அரை எட்டு பின்னால் சறுக்கும். ஒன்பது மணிக்கு மேல் சூடு செருப்பைத் தாண்டும். ஆடியில் போனால் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். வழிக்கு அடையாளம் கிடையாது. நேற்றைய தடத்தைக் காற்று அழித்திருக்கும். முந்திரியும் உடைமரமும் பனையும்தான் திசை. தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காவலில் இருப்பதால் கோயில் வழி, ஊர்வழி தவிர மற்ற இடங்களுக்கு அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் துணை இல்லாமல் இறங்குவது அறிவில்லை.

இந்த மணல் மழையைத் தங்கவிடாது. விழுந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே சொட்டு ஈரம் இருக்காது, ஆழத்தில் தண்ணீர் இருக்கும். அருஞ்சுனை அப்படி வெளியே தலைகாட்டிய தண்ணீர். பனைவேரும் அதைத் தேடித்தான் இறங்குகிறது. கரும்பலகையில் இத்தனை வருஷம் வரைந்தபோது இந்த இரண்டையும் நான் சேர்த்துச் சொன்னதில்லை: மேலே பாலைவனமாகத் தெரிகிற இடத்தில் இனிப்பு நீர் மரத்தின் உச்சியில் வந்து சொட்டுகிறது.

அண்ணாச்சி எங்களைப் பார்த்தபோது ஏற்கனவே பாதி மரங்களை முடித்திருந்தார். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார், கையில் முருக்குத்தடி. ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் சொன்னார். இரண்டுமே பதனீர் தரும், பாளையைப் பக்குவப்படுத்துகிற விதம்தான் வேறு. கடிப்பு என்கிற மரக்கட்டையால் பாளையை நாள்கணக்கில் இடுக்கி, நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாட்ட வேண்டும். அதன்பின் தினமும் சீவல். ஒரு நாள் சீவத் தவறினால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். காய்ச்சல், கல்யாணம், சாவு எதுவானாலும் மரம் லீவு கொடுக்காது.

பன்னாடையில் வடிகட்டி, குருத்தோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். “குடிக்கியளா? பைய குடிங்க. குடிச்ச ஒடனே நடக்காதிய, வயிறு இழுத்துக்கிடும்.” நடந்த களைப்புக்கு ஒரே மடக்கில் உள்ளே போயிற்று. குளிர்ச்சி, இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் மெல்லிய சுண்ணாம்பு. இரண்டாவது பட்டையும் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு ஒரு பட்டையோடு நிறுத்திக்கொண்டு, மாங்காய்த் துண்டோடு சற்று உட்கார்ந்துவிட்டு நடப்பதே புத்தி. தேரி நடைக்கு நான் கண்ட முதல் விதி அது.

என்னோடு வந்திருந்த இளையவர் ஒருவருக்குக் கள் மேல் கண். தயங்கித் தயங்கிக் கேட்டார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, “சுண்ணாம்பு தடவாத கலயம் இந்த விளையில கெடயாது தம்பி” என்றார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. கேரளத்துக்குப் போனால் கள்ளுக்கடை பலகை தொங்குகிறது. நம் பக்கம் அதே மரம், அதே நீர், குற்றம். இடையில் இருப்பது சுண்ணாம்பு மட்டுமே. பாளையிலிருந்து சொட்டத் தொடங்கியதுமே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைப் புளிக்க வைக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரம் அந்த ஈஸ்ட்டைத் தலைதூக்க விடுவதில்லை. மதுத் திராட்சையின் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு இருபதுக்கு மேல். பதனீரில் ஏறக்குறைய பன்னிரண்டு. அதனால் பனங்கள்ளின் போதை திராட்சை மதுவைவிடக் குறைவு. இதைச் சொல்லிக் கள்ளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நாசிக்கில் குவளையைச் சுழற்றிக் குடித்தவள், உடன்குடிப் பக்கம் ஒருவர் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் போலீஸ் வரும் என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஒரே நாட்டில், குடிக்கிற ஆளைப் பொறுத்துக் குடிக்குப் பெயரும் மரியாதையும் மாறுகின்றன.

இது புதிதுமில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றோடு ஏரல் வழியாகப் போனால் கொற்கை. இன்று கடல் அங்கிருந்து விலகிப் போய்விட்டது. ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரரின் புறநானூற்றுப் பாட்டில் யவனர் மரக்கலத்தில் கொண்டுவந்த மது வருகிறது; பொற்கலத்தில் அரசனுக்குப் போகிறது. ஏறக்குறைய அதே காலத்துக் கிரேக்க மாலுமிக் குறிப்பான ‘பெரிப்ளூஸ்’, கொற்கைப் பகுதியில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. மூழ்கியவர் ஒருவர், முத்தை விற்றவர் ஒருவர், மாற்றாக வந்த மதுவைக் குடித்தவர் ஒருவர். எங்கள் கரையில் குடியின் வரலாறு அங்கேயே தொடங்கிவிட்டது. கள்ளும் பதனீரும் அந்தக் கணக்கில் எப்போதும் கீழ்ப்படியில்.

பதனீர் விடிலிக்குப் போனதும் வேலை அண்ணாச்சியின் கையைவிட்டு அவர் மனைவி, மதினியின் கைக்குப் போகிறது. ஓலைக் கூரை, மூன்று பக்கம் அடைப்பு, நடுவே அடுப்பு. காவோலையும் உடைமுள்ளும் விறகு. தாச்சியில் பொங்கிவரும்போது ஆமணக்கு விதையைப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டால் நுரை அடங்குகிறது. மணிக்கணக்கில் துடுப்புப் போட்டால் பதனீர் கூப்பனியாகிறது; இன்னும் கொஞ்சம் இறுகியதும் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி. பதம் ஒரு நிமிஷம் முந்தினால் இறுகாது, பிந்தினால் கருகும். நாசிக்கில் இந்த வேலைக்கு வெப்பமானி இருந்தது. மதினிக்கு ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பதுதான் பதம். புகையில் அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்தேன்.

“எத்தன மரம் ஏறுதிய அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“இப்ப நாப்பது. முன்ன கூட.”

வாத்தியார் புத்தி போகாது. அங்கேயே மணலில் விரலால் கணக்குப் போட்டேன். மரம் ஒன்று ஐம்பது அடி என்று வைத்துக்கொள்வோம். காலை ஒரு ஏற்றம், மாலை ஒரு ஏற்றம். நாற்பது மரத்துக்கு ஒரு நாளைக்கு 4,000 அடி. எங்கள் கள்ளபிரான் கோயில் ராஜகோபுரம் 110 அடி. ஆக, முப்பத்தாறு கோபுரம். பொதிகைமலை கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர், ஆறாயிரத்து நூறு அடிக்குச் சற்று மேல். அண்ணாச்சி ஒன்றரை நாளுக்கு ஒரு பொதிகை ஏறுகிறார், கையால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இடுப்பில் அரிவாளோடு, இறங்கும்போது நிறைந்த குடுவையோடு. பருவம் முழுக்க.

அஞ்சனேரி ஏறியதற்கு மகளின் கூட்டாளிகள் எனக்குக் கைதட்டினார்கள். தேரியில் தட்டுத்தடுமாறி நடந்ததற்கும் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். மதுத்தோட்டத்துக்கு நடந்து போகிறவர்கள் மலை ஏறிவிட்டுக் குடிக்க வருகிறார்கள், ஏற்றம் விருந்தாளியுடையது. பனைநாட்டில் விருந்தாளி சமதரையில் நடந்து வருகிறார். மலை ஏறியவர் பட்டையை நீட்டுகிறார். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அத்தனை தூரம் போய்வர வேண்டியிருந்தது என்று தோன்றுகிறது.

கணக்கை இன்னும் ஒரு படி இழுத்தேன். ஒரு மரம் நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் தரும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதனீர் வேண்டும். அதாவது நான்கு மரம், இரண்டு வேளை: 400 அடி. அம்மா உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்த கருப்பட்டி கிலோவுக்கு 400 அடி உயரம். அதன்பின் அடுப்பு, புகை, தலைச்சுமை, ஸ்ரீவைகுண்டம் வரை நடை. கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் ‘கருப்பட்டி’யில் சீனி கலந்திருப்பது ஏன் என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. சீனியை மூட்டையாக வாங்கிக் கூப்பனியில் கொட்டினால் ஏற்றம் மிச்சம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நல்லதே. ஆனால் 400 அடியை அறிந்த வாங்குபவர் இல்லாவிட்டால் எந்த முத்திரையும் அந்த உயரத்தைக் காப்பாற்றாது.

அண்ணாச்சியின் பிள்ளைகள் யாரும் ஏறுவதில்லை. ஏற வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். விதை ஊன்றும் இயக்கங்களும் நடக்கின்றன. மரம் பிழைத்துக்கொள்ளும். ஏறுவதற்கு ஆட்கள்தான் குறைகிறார்கள். விழுந்தால் இடுப்பு போகும், அரை வருஷம் வேலை இருக்காது, பெண் கொடுக்க யோசிப்பார்கள். இந்தக் காரணங்களைக் கேட்டபின், ‘பாரம்பரியத்தை விடக்கூடாது’ என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு பருவம் வந்தால் தேரிக்குப் போகிறேன். கேட்பவர்களையும் கூட்டிப் போகிறேன். சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். முதல்நாளே சொல்லிவிடுவோம், ஏனென்றால் எங்களுக்குக் கொடுக்கும் பதனீர் அன்றைய கருப்பட்டியில் குறையும். படம் எடுப்பதற்காக அவரை இன்னொரு தடவை ஏறச் சொல்வதில்லை. ஐம்பது அடி ஐம்பது அடிதான். விடிலிக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன் மதினியிடம் கேட்டுக்கொள்வோம், அது அவர் வேலை செய்யும் இடம். திரும்பும்போது கருப்பட்டி வாங்குவோம், பேரம் இல்லாமல். ஸ்ரீவைகுண்டத்தில் என் வீட்டுக்குக் கருப்பட்டி கொண்டுவருபவர் இப்போது முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்து காபி குடிக்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது.

தீராத சிக்கல் ஒன்றே ஒன்று, பதனீருக்குப் பணம். நாசிக்கில் குவளைக்குக் கட்டணம் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். இங்கே நடந்து வந்தவருக்குக் கொடுத்த பட்டைக்குக் காசு வாங்க மதினி மறுக்கிறார். நடந்து வந்தவர் விருந்தாளி, விருந்தாளியிடம் வாங்கக்கூடாது. நான் பள்ளிக்கூட வாத்தியாராக நின்று வாதாடினேன்: வெளியூரிலிருந்து நடக்க வருகிறவர்களுக்கு லிட்டர்க் கணக்கு வேண்டாம், ஏற்றக் கணக்கு வைத்து வாங்குங்கள். ஒரு மரத்துக்கு இவ்வளவு, ஐம்பது அடிக்கு இவ்வளவு என்று பலகை எழுதித் தொங்கவிடுங்கள், குடிக்கிறவனுக்கும் தெரியட்டும்.

அண்ணாச்சி அரிவாளைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “போடத்தான் போடுதிய, எறங்குததுக்கும் சேத்துப் போடுங்க டீச்சர்” என்றார். “ஏறுதது லேசு. நெறஞ்ச குடுவையோட எறங்குததுதான் பாடு.”

என் முழங்கால்கள் அதை உடனே ஒப்புக்கொண்டன. கணக்கைத் திருத்திவிட்டேன்: கிலோவுக்கு 800 அடி.